திரும்பி வருவதும் யாத்திரையே

திருக்கயிலாய மலைக்குச் சென்ற அடியார்களைப் பெரிய புராணம் ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. காரைக்கால் அம்மையார், இறைவன் உறையும் மலையைக் காலால் மிதித்தல் தகாது என்று எண்ணித் தலையாலே நடந்து ஏறினார். சுந்தரமூர்த்தி நாயனார் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையின் மீது சென்றார். அவருடைய தோழர் சேரமான் பெருமாள் குதிரை மீது உடன் சென்றார். திருநாவுக்கரசர்தாம் நம்மைப் போலக் காலால் நடக்கப் புறப்பட்டவர். அவரோ வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்.

கயிலைக்குப் போக விரும்பும் முதியவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதில் உண்டு. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளின் கடமைகளை முடித்து, பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு அறுபது வயதுக்கு மேல் புறப்படுவோர் பலர். 'இந்தப் பிறவியில் இனியொரு முறை வாய்க்காது' என்ற எண்ணம் அவர்களை நடத்திச் செல்கிறது. அதே எண்ணம்தான், உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை மறைக்கவும் அவர்களைத் தூண்டுகிறது.

மேற்குத் திபெத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,638 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது கயிலை. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் பழைய சமயமாகிய போன் சமயத்தார் ஆகிய நால்வருக்கும் அது புனித மலை. சிந்து, சட்லஜ், பிரம்மபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கு பெரிய ஆறுகள் அதன் சுற்றுவட்டாரத்தில் பிறக்கின்றன. மலையின் மீது எவரும் ஏறுவதில்லை. வலம் வருவதே வழிபாடு. ஏறத்தாழ 52 கிலோமீட்டர் கொண்ட அந்தப் பரிக்ரமாவைப் பெரும்பாலோர் மூன்று நாட்களில் முடிக்கிறார்கள்.

முதல் நாள், டார்ச்சென் என்ற சிற்றூரிலிருந்து யமத்துவாரம் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து லா சூ ஆற்றின் கரையோடு டிராபுக் வரை நடை. இரண்டாம் நாள், 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைக் கடந்து, கௌரி குண்டத்தை மேலிருந்து தரிசித்து, மறுபுறம் இறங்கி ஜூதுல்புக் வரை நீண்ட நடை. மூன்றாம் நாள், அங்கிருந்து மீண்டும் டார்ச்சென். யாத்திரையின் மிகக் கடினமான நாள் இரண்டாவது நாளே. டோல்மா கணவாயில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இந்திய அரசு நடத்தும் யாத்திரை 1981-ஆம் ஆண்டு முதல் லிபுலேக் கணவாய் வழியாகவும், 2015 முதல் நாதுலா வழியாகவும் நடந்து வந்தது. 2020-இல் நின்று, 2025-இல் மீண்டும் தொடங்கியது. அதில் செல்வோருக்கு வயது வரம்பு 70. டில்லியில் முழு மருத்துவப் பரிசோதனை உண்டு. வழியில் மறுபடியும் பரிசோதிப்பார்கள். நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் செல்வோரும் ஏராளம். இவர்களில் ஒரு சாரார் நேபாள்கஞ்ச் சமவெளியிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட்டுக்கும், அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லையோரம் உள்ள ஹில்சாவுக்கும் சென்று, பிறகு சாலை வழியாகத் தக்லாகோட்டை அடைகிறார்கள்.

தொல்லை இங்குதான் தொடங்குகிறது. முற்காலத்தில் கயிலைக்கு நடந்து போனவர்கள் மலையடிவாரத்திலிருந்து வாரக்கணக்கில் ஏறினார்கள். உயரத்துக்கு ஏற்ப உடம்பு தன்னைச் சிறிது சிறிதாகப் பழக்கிக்கொள்ள அவகாசம் இருந்தது. இன்று சமவெளியில் காலை உணவு உண்டவர் வானிலை ஒத்துழைத்தால் ஓரிரு நாட்களில் 12,000 அடி உயரத்தில் நிற்கிறார். வண்டியும் வானூர்தியும் மனிதனை விரைவாக மேலே கொண்டுபோய்விடுகின்றன. இரத்தமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. சுமார் 8,000 அடிக்கு மேல் எவருக்கும் வரக்கூடிய உயர்மலை நோய்க்கு இதுவே காரணம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியன அதன் தொடக்க அடையாளங்கள். இளைஞர், முதியவர், உடற்பயிற்சி செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடு அதற்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு தம்பதியர் இந்த வழியாகக் கயிலைக்குச் சென்றார்கள். கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 67. மனைவிக்கு 62. தலைமையாசிரியர் நாள்தோறும் காவிரிக் கரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். சர்க்கரை கிடையாது. இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. மருத்துவரிடம் ஒப்புதல் பெற்றே புறப்பட்டார்கள்.

தக்லாகோட்டில் இரண்டு இரவுகள் தங்கியபின் அவர்களுடைய குழு மானசரோவரை அடைந்தது. ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், கடல் போல் விரிந்து கிடக்கும் நன்னீர் ஏரி அது. பின்னிரவில் தேவர்கள் ஒளி வடிவாக அங்கு நீராட வருகிறார்கள் என்பது நம்பிக்கை. அந்தக் காட்சிக்காக அன்பர்கள் கம்பளி போர்த்துக் கரையில் விழித்திருந்தார்கள். தலைமையாசிரியரும் விழித்திருந்தார். ஆனால் அவருடைய விழிப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது. பிடரியிலிருந்து நெற்றி வரை தலை விண்விண்ணென்று தெறித்தது. குழுத் தலைவரிடம் சொன்னால் பரிக்ரமாவுக்கு அனுப்ப மாட்டார்களோ என்ற அச்சம். மனைவியின் பையிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு வாளாவிருந்தார்.

மறுநாள் யமத்துவாரத்தில் அனைவரும் பஞ்சாட்சரம் ஓதி அந்தச் சிறு வாயிலைக் கடந்தார்கள். அங்கிருந்து டிராபுக் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இருமருங்கிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே ஆற்றின் ஓசை, வலப்புறம் அவ்வப்போது மேகத்தை விலக்கித் தோன்றும் கயிலையின் மேற்கு முகம். இயல்பாக நடக்கக்கூடியவர்களே அங்கு இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்கள். ஆகையால் தலைமையாசிரியர் அடிக்கடி நின்றது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

மாலையில் டிராபுக்கை அடைந்தபோது வடக்கு முகம் முழுவதும் தெரிந்தது. கருமையான பாறையில் திருநீறு பூசியது போலப் பனி. அன்பர்கள் தரையில் விழுந்து வணங்கினார்கள். அவர் வணங்கி எழுந்ததும் விடுதியின் பின்புறம் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து, "பயணக் களைப்பு" என்றார். மனைவி ஒன்றும் பேசாமல் அவருடைய தட்டைப் பார்த்தார். இரவுக் கஞ்சி அப்படியே இருந்தது. முதல் நாள் உப்புமாவும் அவ்வாறே மிஞ்சியது அவர் நினைவுக்கு வந்தது. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தார். நான்கு குறைந்திருந்தன. நேரே குழுத் தலைவரிடம் சென்று கூறிவிட்டார்.

குழுத் தலைவரும் ஷெர்பா வழிகாட்டியும் வந்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் மற்றவர்களுக்கு எண்பதை ஒட்டி இருந்தது. அவருக்கு எழுபதைத் தாண்டவில்லை. வழிகாட்டி தரையில் ஒரு கோட்டைக் காட்டி, ஒரு காலின் விரல்களை மறுகாலின் குதிகால் தொடுமாறு நேராக நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தார். படுத்திருக்கும்போது மூச்சுத் திணறல் இல்லை, இருமல் இல்லை. மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோக்கும் கடுமையான நிலைக்கு நோய் முற்றவில்லை என்று தெரிந்தது. பிராணவாயு கொடுத்தபோது தலைவலி தணிந்தது. குழாயை எடுத்த சிறிது நேரத்தில் திரும்ப வந்தது.

"சார், இப்போது இது சிறிய தொல்லைதான். இத்துடன் மேலே ஏறினால் சிறியதாக இருக்காது. இரவு முழுவதும் கவனித்துக்கொள்கிறோம். விடிந்ததும் நீங்கள் கீழே இறங்கத்தான் வேண்டும்" என்றார் குழுத் தலைவர்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஒழுங்கைக் கற்பித்தவர் அன்று சிறு பிள்ளையைப் போல மன்றாடினார். "இன்னும் ஒரே நாள்தானே? டோல்மாவைத் தாண்டிவிட்டால் இறக்கம்தானே? குதிரை வைத்துக்கொள்கிறேன். முடியாவிட்டால் அப்பர் சுவாமிகளைப் போல உருண்டாவது போய்விடுகிறேன்."

அப்போது அந்த அம்மையார் சொன்னார்: "அப்பர் சுவாமிகள் உருண்டது உண்மைதாங்க. அவரையே திரும்பிப் போகச் சொன்னவர்தானே இந்தச் சுவாமி?"

அதற்கு அவரிடம் மறுமொழி இல்லை. சற்று நேரம் கழித்து, "நீயாவது போய்விட்டு வா. உனக்கு ஒன்றும் இல்லையே. என்னால் உன் யாத்திரை கெட வேண்டாம்" என்றார்.

"உங்களைத் தனியே இறக்கிவிட்டு நான் அங்கே போய் யாரை நினைத்துக்கொண்டு நடப்பது?" என்று சொல்லிவிட்டு, அவருடைய மப்ளரைச் சரியாகச் சுற்றிவிட்டார் அம்மையார். பேச்சு அத்துடன் முடிந்தது.

விடியுமுன் குழுவினர் கைவிளக்குகளுடன் டோல்மா கணவாயை நோக்கிப் புறப்பட்டார்கள். தம்பதியர் ஒரு ஷெர்பாவுடனும் குதிரையுடனும் வந்த வழியே இறங்கினார்கள். வலமாகச் சுற்ற வேண்டிய மலையை இடமாகத் திரும்புகிறோமே என்ற உறுத்தல் தலைமையாசிரியருக்கு இருந்தது. வழியில் திபெத்தியக் குடும்பம் ஒன்று அவர்கள் செல்லும் திசையிலேயே, உருட்டு மணிகளை உருட்டியபடி பக்தியோடு நடந்து கொண்டிருந்தது. அவர்கள் போன் சமயத்தார் என்றும், கயிலையை இடமாகச் சுற்றுவதே அவர்கள் மரபு என்றும் ஷெர்பா கூறினார். அதைக் கேட்டபின் அவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார்.

டார்ச்சென்னை அடைந்தபோதே தலைவலி பாதியாகியிருந்தது. அங்கிருந்து வண்டியில் தக்லாகோட். அவ்வூரின் உயரம் 13,000 அடிக்குள்தான். அங்கே மருத்துவர் பரிசோதித்து, நுரையீரல் தெளிவாக இருப்பதாகக் கூறினார். அன்றிரவு அவர் நன்றாக உறங்கினார். மறுநாள் பகலில் மிளகு ரசம் விட்டுப் பிசைந்த சாதம் இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார். பரிக்ரமாவை முடித்து வந்த குழுவினர், கௌரி குண்டத்திலிருந்து எடுத்த தீர்த்தத்தை ஒரு சிறு புட்டியில் கொண்டுவந்து அம்மையாரிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கணவரின் தலையில் தெளித்துவிட்டுப் பிறகு தம் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

அம்மையார் நினைவூட்டிய வரலாற்றைச் சேக்கிழார் விரிவாகப் பாடியிருக்கிறார். முதிர்ந்த வயதில் திருநாவுக்கரசர் திருக்காளத்தியைத் தொழுதபோது கயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. ஸ்ரீசைலம் வழியாக வடதிசை சென்று காசியை அடைந்தார். உடன் வந்தவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியே நடந்தார். உணவை விடுத்தார். இரவும் பகலும் நடந்ததில் பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பால் நகர்ந்தார், பிறகு புரண்டு சென்றார். உறுப்புகள் யாவும் ஓய்ந்தபோது இறைவன் ஒரு முனிவர் வடிவில் தோன்றி, கயிலை மானிடர் அடைதற்கு அரியது, திரும்பிச் செல்க என்றார். கயிலைநாதனைக் காணாமல் இந்த உடலோடு மீளேன் என்று மறுத்தார் நாவுக்கரசர். முனிவர் மறைந்தார். எழுந்திருக்குமாறு அசரீரி ஒலித்தது. தேய்ந்த உடல் பழையபடி ஒளி பெற்றது. அருகிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுக, அங்கே கயிலைக் காட்சி கிடைக்கும் என்ற ஆணை பிறந்தது. அவ்வாறே மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார்.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. இறைவன் அவருக்குக் காட்சி தருவதற்கு முன்பு அவருடைய உடம்பைச் செம்மையாக்கித் தந்தான். அழிந்த உடம்பை அவன் காணிக்கையாக ஏற்கவில்லை. அடுத்து, திருவையாற்றில் நாவுக்கரசர் கண்ட காட்சி எது? களிறும் பிடியுமாக, சேவலும் பேடையுமாக, குயிலும் மயிலும் தத்தம் துணையோடு வந்தன. இணையிணையாக வந்த உயிர்கள் அனைத்திலும் அவர் அம்மையப்பனைக் கண்டு பதிகம் பாடினார்.

காரைக்கால் அம்மையாரின் வரலாறும் இதனோடு ஒத்துச் செல்கிறது. கயிலையில் இறைவனால் 'அம்மையே' என்று அழைக்கப்பட்ட அவர், தென்னாட்டில் திருவாலங்காட்டில் தன் ஆடலைக் கண்டு பாடியிருக்குமாறு பணிக்கப்பட்டார். தலையால் நடந்து ஏறியவரை ஆலங்காட்டுக்கு அனுப்பினான். உடலால் உருண்டு சென்றவரை ஐயாற்றுக்கு அனுப்பினான். திரும்பி அனுப்பப்படுவது சைவ மரபில் குறைவே அன்று. மறுபுறம், தன் தோள் வலிமையை நம்பி அம்மலையைப் பெயர்க்க முயன்றவன் இராவணன். கால்விரல் ஊன்றிய அளவில் அவன் நசுங்கியதையும், பின் இசை பாடி அருள் பெற்றதையும் ஞானசம்பந்தர் பெரும்பாலும் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் வைத்தார். வலிமையைக் காட்டும் இடம் கயிலை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கயிலைக்கோ வேறு உயர்ந்த மலைத் தலங்களுக்கோ செல்லும் அன்பர்கள் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். இருதயம், நுரையீரல், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக மருந்து உண்போர் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து ஆலோசிக்க வேண்டும். உயர்மலை நோயைத் தடுக்கும் அசிடசோலமைடு போன்ற மாத்திரைகளை அவர் சொன்னால் மட்டுமே, சொன்ன அளவில் உண்ண வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே கூற வேண்டும். இன்சுலின் உறைந்துபோகாமல் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சுமார் 10,000 அடிக்கு மேல், தங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 1,500 அடிக்கு மேல் கூடாதிருப்பது பொது விதி. ஓய்வுக்கென நாட்கள் ஒதுக்கிய பயணத் திட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு நாட்கள் குறைவு, கட்டணம் குறைவு என்பதற்காக அவசரத் திட்டத்தில் சேரக் கூடாது. உறக்க மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது. அது உறக்கத்தில் மூச்சை மேலும் குறைக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, தலைவலியை மறைக்காமல் கூறுவது. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. ஓய்வில் தணியாவிட்டால் கீழே இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் விடியும் வரைகூடக் காத்திருக்கலாகாது. பிராணவாயுவும் மருந்தும் இறங்கும் வரை துணை நிற்பவை. நோயைத் தீர்ப்பது இறக்கமே. கணவன் மனைவியாகச் செல்வோர் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொள்வது, எந்தக் கருவிக்கும் குறையாத பாதுகாப்பு.

அந்தத் தம்பதியர் ஊர் திரும்பிய இரண்டு மாதத்தில் ஆடி அமாவாசை வந்தது. திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறும் நாள் அது. இருவரும் காவிரியில் நீராடி, ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசித்தார்கள். அக்கோயிலின் வளாகத்துக்குள்ளேயே இரண்டு கயிலைகள் இருக்கின்றன. வடகயிலாயத்தை முதலாம் இராசராசனின் தேவி உலோகமாதேவியார் எடுப்பித்தார். தென்கயிலாயம் இராசேந்திர சோழனின் தேவி பஞ்சவன்மாதேவியாரின் திருப்பணி. திருவையாறு தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாள் முழுவதும் பேருந்துகள் உண்டு. மூட்டு வலி உள்ளவர்களும் மெல்ல நடந்து இரண்டு கயிலைகளையும் தரிசித்துவிடலாம்.